உலகம்மாள் குரலுக்கு ஒரு அப்டேட்

அக்டோபர் 6, திங்கள்

வருங்காலச் சரித்திர ஆசிரியர்களே, பேனாவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டை பஸ் உலகின் முன்னாள் சக்கரவர்த்தியும், ஓய்வுபெற்ற கண்டக்டரும், படிக்கட்டில் தொங்கிய பல்லாயிரம் கல்லூரி மாணவர்களை வெறும் பார்வையாலேயே உள்ளே தள்ளியவனுமான சொரிமுத்து ஆகிய நான், இன்று காலை ஒரு லேப்டாப்பால் மிரட்டப்பட்டேன்.

இட்லிக்கும் காபிக்கும் நடுவில் திரையில் ஒரு பெட்டி வந்து குந்தியது. நீங்கள் வைத்திருக்கும் சிஸ்டம் பழையது, புதியதற்கு மாறாவிட்டால் இம்மாதக் கடைசியோடு இந்தப் பேசும் புரோகிராம் ஓடாது என்றது. கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று ‘இப்போது’, இன்னொன்று ‘பிறகு’. வேண்டாம் என்று சொல்ல மூன்றாவது பொத்தான் கிடையாது. நான் கூட இறங்குகிறவனுக்கு இதைவிட மரியாதை கொடுத்திருக்கிறேன்.

வேறு எந்த புரோகிராம் என்றாலும் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். இது உலகம்மாளின் வாய்.

ஏப்ரலில் என் மனைவி உலகம்மாளின் தொண்டையிலிருந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கட்டி. எடுக்காவிட்டால் ஆள் போய்விடுவாள் என்றார் டாக்டர், எடுத்தார், ஆள் இருக்கிறாள். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் என் மச்சினன் மகள் ஆவுடைச்செல்வி பெங்களூரிலிருந்து வந்து, அடுக்களை ஃபேனை நிறுத்திவிட்டு, அவளைப் பேசவைத்துப் பதிவு செய்தாள். வாழ்நாளில் தேவைப்படும் வாக்கியம் எல்லாம். திரையில் சின்னச் சின்னக் கட்டமாக இருக்கும். கட்டத்தைத் தொட்டால் உலகம்மாள் பேசுவாள். அவளுடைய சொந்தக் குரலில்.

‘யாரது, நில்லுங்க வாரேன்’ என்ற கட்டத்தில் மட்டும் பின்னால் குக்கர் விசில் அடிக்கும். கொரியர்காரன் வரும்போதெல்லாம், “ஆச்சி வீட்ல எந்நேரமும் சமையல்தானா” என்று கேட்பான்.

கட்டங்களில் பாதிக்கு மேல் என்னைத் திட்டுவது. நான்தான் கேட்டு வாங்கினேன்.

அக்டோபர் 7

ஆவுடைக்கு போன் போட்டேன். அவள் அங்கே ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்க்கிறாள்.

“மாமா, நீங்க அதுல கையே வெக்கக் கூடாது. தீபாவளிக்கு வாரேன்லா, நான் வந்து பண்ணித்தாரேன்.”

“ஏ தாயி, மலைப்பாதையில பிரேக் போன வண்டிய விசிலாலேயே நிறுத்துனவன் நான்.”

“வண்டிய டிரைவர் நிறுத்திருப்பாரு. நீங்க விசில் அடிச்சிருப்பீய.”

“இந்த நாக்கு உங்க அத்தை வழியா வந்ததுல்லா.”

“சத்தியமா சொல்லுதேன் மாமா. தொடாதீய. அந்த லேப்டாப் பேட்டரி வேற செத்துப்போச்சு, வயர்லதான் உயிரோட இருக்கு. மொதல்ல பேக்கப் எடுக்கணும். அத்தை பேசுனது அத்தனையும் அதுக்குள்ள மட்டும்தான் இருக்கு.”

தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். எந்தக் கையால் என்று அவள் கேட்கவில்லை.

அக்டோபர் 9

இடமில்லையாம். புது சிஸ்டம் உள்ளே வந்து உட்கார இடம் காலி செய்து தர வேண்டுமாம். கல்யாண வீட்டுக்கு வந்த சம்பந்தி போலத் திரையில் நின்றுகொண்டு நகர மறுக்கிறது.

எதை அழிப்பது? என் பணி ஓய்வு விழா வீடியோவை அழித்தேன். டிப்போ மேனேஜர் என்னைப் புகழ்ந்து பேசிய மகத்தான சொற்பொழிவு அதோடு மண்ணுக்குள் போனது. அது போதவில்லை. சினிமாப் பாட்டுகள், ஆவுடை பூப்புனித நீராட்டு போட்டோக்கள், திருச்செந்தூர் போன போட்டோக்கள் எல்லாம் போயின. உலகம்மாள் பக்கத்தில் நின்று பார்த்தாள். திருச்செந்தூர் படம் போகும்போது ஒரு கட்டத்தைத் தொட்டாள்.

“ஒங்களுக்குச் சும்மா இருக்கவே தெரியாதா” என்றது லேப்டாப்.

தெரியாது என்றேன்.

அக்டோபர் 10, வெள்ளி

பேக்கப் எடுத்தாயிற்று. ஆவுடை இதை ஏதோ இமயமலை ஏறுவது போலப் பேசினாள். முகப்பில் அந்தப் புரோகிராமின் படம் இருக்கிறது, ஒரு பச்சைக் கிளி. கிளியைப் பிடித்து இழுத்து பென் டிரைவில் போட்டேன். கண் சிமிட்டும் நேரம்கூட ஆகவில்லை, உள்ளே போய்விட்டது. அவளுடைய இத்தனை பேச்சும் ஒரே நொடியில். இப்படிப்பட்ட வேகத்துக்கு உலகில் இதுவரை சான்று கிடையாது என்று நினைக்கிறேன்.

பென் டிரைவை சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

அக்டோபர் 11, சனி

காலண்டரில் நல்ல நேரம் பார்த்து, ராகுகாலம் கழிந்தபிறகு, விபூதி வைத்து ‘இப்போது’ என்ற பொத்தானை அழுத்தினேன். திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. கீழே எழுத்து: கணினியை அணைக்க வேண்டாம்.

வட்டத்துக்குள் சதவீத எண் மெதுவாக ஏறியது. பதினொன்று, பன்னிரண்டு. உலகம்மாள் சிலேட்டில் எழுதிக் காட்டினாள். அங்கன்வாடியில் வேலை பார்த்தவள், வீட்டில் சிலேட்டுக்குப் பஞ்சமில்லை. ‘எப்ப முடியும்?’

“சாயந்தரம் நீ என்னத் திட்டலாம்.”

முப்பத்தைந்தில் வண்டி நின்றது. ஒரு மணி நேரம், அப்புறம் இன்னொன்று, அதே முப்பத்தைந்து. வள்ளியூர் ரயில்வே கேட்டில் சிக்கிய வண்டிகூட இவ்வளவு நேரம் நின்றதில்லை. ஆவுடைக்கு போன் பண்ணலாமா என்று யோசித்தேன். வாக்கு நினைவு வந்தது, பண்ணவில்லை.

மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. அம்பாசமுத்திரம் பக்கமிருந்து மழை வருகிற வேகத்தைப் பார்த்தால் தாமிரபரணியையே தூக்கிக்கொண்டு வருவது போலிருந்தது. மாடியில் துணி காய்கிறது என்று ஓடினேன். நான் கொடியிலிருந்து கடைசி வேட்டியை உருவும்போது ஒரு இடி. தெருவின் நாய்கள் எல்லாம் ஒரே சமயத்தில் குரைத்தன.

இறங்கி வந்தேன். ஃபிரிட்ஜ் பிளக், டிவி பிளக், மிக்சி பிளக் எல்லாம் தரையில் கிடந்தன. இடி இடித்தால் உலகம்மாள் கை தானாகப் போய்ப் பிடுங்கிவிடும். அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டு டிவி வெடித்ததிலிருந்து அப்படி. அவற்றோடு லேப்டாப்பின் வயரும் கிடந்தது. திரை கறுத்திருந்தது.

அவள் அடுக்களையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தாள். வயரை எடுத்துச் சுவரில் சொருகிவிட்டு நின்றேன். அவள் வந்து திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“கரண்ட் போயிட்டுளா,” என்றேன். “பாழாப்போன கரண்ட்.”

தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நல்லவேளை, அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அக்டோபர் 12

சுற்றுகிறது.

அக்டோபர் 13

‘மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்’ என்று எழுதிக் காட்டுகிறது. திரும்பப் பெறுகிறது. பிறகு தானாக அணைகிறது, எழுகிறது, ‘மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்’ என்கிறது. மனமொப்பி வராத சமரசப் பேச்சு வார்த்தை போல முதலிலிருந்து தொடங்குகிறது. நான் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையைக் கட்டி, கண்களில் தீப்பொறி பறக்கப் பார்த்தேன். படிக்கட்டு மாணவர்களிடம் எடுபட்ட பார்வை.

உலகம்மாள் காலையில் அடுக்களையிலிருந்து என்னைக் கூப்பிட டம்ளரை ஸ்பூனால் தட்டினாள். எனக்குப் புரியவில்லை, பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவுகிறார்கள் என்று இருந்துவிட்டேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. கேஸ் வாடை வந்த பிறகுதான் போனேன்.

அக்டோபர் 15, புதன்

இன்று எனக்கு ஓர் அபாரமான யோசனை உதித்தது. நாடு முழுவதும் குரலிழந்தவர்களுக்கு அரசே அறிவிக்க வேண்டிய திட்டம். டிரங்குப் பெட்டியைக் கிளறி என் கண்டக்டர் விசிலை எடுத்தேன். பித்தளை. வெந்நீரில் கழுவி, சிவப்புக் கயிறு கோத்து, தட்டில் வைத்து உலகம்மாளிடம் நீட்டினேன்.

“இனிமே ஒன்னோட ஆட்சிதான். ஒரு விசில் அடிச்சா நான் நிப்பேன். ரெண்டு அடிச்சா கெளம்பிப்போவேன்.”

அவள் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரிப்பதற்குச் சத்தமில்லை, தோள் மட்டும் குலுங்கும். விசிலை வாயில் வைத்தாள். கன்னத்தை உப்பினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி முயன்றாள். கழுத்துக்குக் கீழே, மூச்சுக்காக வைத்த துளைக்கு முன்னால் கட்டியிருக்கும் சின்னத் துணி படபடத்தது. அவ்வளவுதான்.

காற்று அவள் வாய்க்கு வருவதே இல்லை. ஆறு மாதமாக அந்தத் துணியைத் தினமும் துவைத்துக் காயப்போடுகிறவன் நான்.

அவள் விசிலை முந்தானையால் துடைத்துத் தட்டில் வைத்துவிட்டு, கீரை ஆயப் போனாள்.

அக்டோபர் 17

வட்டம் நின்றது. அதற்குப் பதில் நீலமாக ஒரு திரை. சாவியைக் கேட்கிறது. நீண்ட எண்களாம், அதைத் தட்டினால்தான் உள்ளே விடுமாம். இது என் வீடு, என் லேப்டாப், உள்ளே இருப்பது என் மனைவி. என்னிடம் டிக்கெட் கேட்கிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

ஆவுடை வந்துவிட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள், “அத்தை ஏன் மாமா கட்டத்தத் தொடாம சிலேட்ட எடுக்காவ?”

நான் சுருக்கமாக விளக்கினேன். இடி, மின்னல், இயற்கையின் சதி, சிஸ்டத்தின் ஆணவம் என்று நான் அடுக்கிக்கொண்டு போக, அவள் இடையில் கையைக் காட்டினாள்.

“தொடாதீயன்னு சொன்னேன்.”

“பேக்கப் எடுத்துட்டுத்தான் தாயி தொட்டேன்.”

அவள் முகம் மலர்ந்ததை இங்கே பதிவு செய்கிறேன். “எடுத்தீயளா? அப்ப ஒண்ணும் கவலையில்ல. எங்க?”

சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தன் லேப்டாப்பில் சொருகினாள். கிளி தெரிந்தது. பார்த்தாயா என்றேன். அவள் கிளியின் மேல் தட்டினாள். ஏதோ பெட்டி வந்தது. மறுபடி தட்டினாள். அதே பெட்டி.

“மாமா, இது வெறும் படம்.”

“கிளி.”

“கிளி படம்தான். ஷார்ட்கட். உள்ள போறதுக்கு வழி காட்டுத போர்டு மாதிரி. ஊர எடுத்துட்டு வரச்சொன்னா ஊர் பேரு எழுதுன போர்ட மட்டும் கழட்டிட்டு வந்திருக்கீய.”

நான் குனிந்து கிளியை மறுபடி பார்த்தேன். உலகம்மாள் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆவுடை குனிந்து தன் லேப்டாப்பை மூடினாள்.

“சாவி எங்கிட்ட இருந்திருக்கணும் மாமா,” என்றாள் பிறகு. “இந்த லேப்டாப் நான் மொத வேல பாத்த கம்பெனி குடுத்தது. கம்பெனிய மூடும்போது, ஆளுக்கொண்ணு வீட்டுக்குக் கொண்டுபோங்கன்னுட்டாங்க. சாவி அவங்க கணக்குல கெடக்கும். அந்தக் கம்பெனியே இப்ப இல்ல. உங்களுக்குத் தரும்போது நான் அதையெல்லாம் மாத்திருக்கணும். மாத்தல.”

அழுதாள். “ஏட்டி, தீபாவளிக்கு வந்தவ மொகத்தக் கழுவு” என்றேன்.

அக்டோபர் 20

தீபாவளி. அதிரசம் கல்.

அக்டோபர் 22

ஆவுடை தன் பழைய முதலாளி ஒருவருடைய எண்ணைப் பிடித்து, அவர் இன்னொருவர் எண்ணைத் தந்து, அந்த இன்னொருவர் எடுக்கவே இல்லை. அவளும் லீவு முடிந்து பெங்களூர் போய்விட்டாள். போகும்போது முருகன்குறிச்சியில் ஜெபசிங் கடைக்கு லேப்டாப்பைக் கொண்டுபோகச் சொன்னாள்.

ஜெபசிங் ஐம்பது வயதுக்காரர். கடை முழுக்கப் பிளந்து போட்ட லேப்டாப்கள். போர்க்களத்தின் நடுவே உட்கார்ந்து டீ குடிக்கும் தளபதி போல இருந்தார்.

“உள்ள என்ன சார் இருக்கு? ஆபீஸ் கணக்கா?”

“வீட்டுக்காரி.”

அவர் டீயைக் கீழே வைத்தார். விஷயத்தைச் சொன்னேன். வழக்கமாக நான் ஒன்றைச் சொன்னால் அது கிளம்பும்போது இருந்ததைப் போல் பத்து மடங்காகித்தான் போய்ச் சேரும். இன்று ஏனோ உள்ளபடியே வந்துவிட்டது.

“டிஸ்க் உயிரோட இருக்கு சார்,” என்றார் பார்த்துவிட்டு. “ஒரு கீறல் இல்ல. ஆனா பூட்டிருக்கு. சாவி இல்லாம உள்ள இருக்கது எல்லாம் வெறும் தூசி மாதிரி. எனக்கு மெட்ராஸ்ல ஒரு ஆளு இருக்காரு, அனுப்பிப் பாக்கேன். நம்பிக்கை வெக்காதீய.”

வைக்காமல் இருப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை.

உலகம்மாளிடம் வந்து, மெட்ராஸில் ஒரு மகா நிபுணர் இருக்கிறார், ராக்கெட் விட்டவர்களே அவரிடம்தான் சந்தேகம் கேட்பார்கள், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்று சொன்னேன். அவள் சிலேட்டில் ‘சரி’ என்று எழுதினாள். எழுத்து அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டுவது போல் அழகாக இருந்தது.

அக்டோபர் 26, ஞாயிறு

வேறு எங்காவது அவள் குரல் இருக்குமா என்று இரண்டு நாளாகப் படையெடுப்பு. என் போன், அவள் போன், ஆவுடை அனுப்பியது, சொந்தக்காரர்களிடம் கேட்டு வாங்கியது.

உலகம்மாள் ஒரு விசித்திரப் பிறவி. தெருமுனையில் நின்று கூப்பிட்டால் மார்க்கெட்டில் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். போனை வீடியோவுக்கு உயர்த்தினாலோ முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு ஓடிவிடுவாள். எங்கள் கல்யாண வீடியோவில் நாதஸ்வரம். ஆவுடையின் தம்பி காதுகுத்தில் ஸ்பீக்கர் பாட்டு. எல்லா வீடியோவிலும் அவள் முதுகு தெரிகிறது.

ஒன்றே ஒன்று கிடைத்தது. ஆவுடை நிச்சயதார்த்தத்தில் யாரோ பந்தியை எடுத்திருக்கிறார்கள். திரைக்கு வெளியே எங்கிருந்தோ, தெளிவாக: “அந்த சாம்பார் வாளிய இங்கிட்டு கொண்டா.”

அவளைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். மறுபடி போட்டேன். எத்தனை முறை என்று கணக்கு வைக்கவில்லை. அவள் கையை நீட்டி போனைத் திருப்பி மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

ஒரு ஆயுள் முழுக்கப் பேசியதில் மிச்சம் சாம்பார் வாளி.

நவம்பர் 5

ஜெபசிங் போன் பண்ணினார். மெட்ராஸ்காரர் திறக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டாராம்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. கொரியர் தாமதம் என்றேன்.

நவம்பர் 9

மழை. சாயங்காலம் ஒரு பெரிய இடி. நான் முன்னறையில் இருந்தேன். உலகம்மாள் வழக்கம்போல் எழுந்து ஓடினாள். ஃபிரிட்ஜ் பிளக்கில் கையை வைத்தாள்.

வைத்த கை அப்படியே நின்றது.

திரும்பி, லேப்டாப் இருக்கும் மேசையைப் பார்த்தாள். லேப்டாப் கடையில் இருக்கிறது. மேசையில் வயர் மட்டும் சுருண்டு கிடக்கிறது. அதைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தாள். பிறகு என்னை.

“பிடுங்குளா,” என்றேன். “ஃபிரிட்ஜ் போயிரும்.”

பிடுங்கவில்லை. இன்னொரு இடி இடித்தது, அதற்கும் பிடுங்கவில்லை. நான் எழுந்துபோய்ப் பிடுங்கினேன். டிவியையும் பிடுங்கினேன். “அன்னைக்குக் கரண்டுதான் போச்சு,” என்றேன். யாரும் என்னை ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

ராத்திரிச் சோற்றை அவள் தொடவில்லை. நானும்.

நவம்பர் 12

லேப்டாப்பைத் திரும்ப வாங்கி வந்தேன். ஜெபசிங் காசு ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. “எல்லாத்தையும் அழிச்சிட்டா புது சிஸ்டம் சூப்பரா ஓடும் சார். பேசுத புரோகிராமும் ஓடும். காலியா ஓடும்,” என்றார்.

திரையில் கேள்வி வந்து நிற்கிறது: ‘அனைத்தையும் அகற்றவா?’

மெட்ராஸில் முடியவில்லையாம், மூன்று நாள் யோசிக்கலாம் என்று உலகம்மாளிடம் சொன்னேன். விஞ்ஞானம் தினமும் வளர்கிறது, நாளைக்கே ஜப்பானில் ஒருவன் சாவி கண்டுபிடிப்பான், அழித்துவிட்டால் அவன் வந்து என்ன செய்வான் என்று பல கோணங்களில் வாதாடினேன். அவள் கேட்டுக்கொண்டு பீன்ஸ் நறுக்கினாள். பேசி முடித்ததும் கத்தியை வைத்துவிட்டு, கையைத் துடைத்து, சிலேட்டை எடுத்தாள்.

‘நேத்து தெருவில மாடு முட்ட வந்துச்சு. கத்த முடியல.’

நான் ஒன்றும் சொல்வதற்குள் மேசைக்குப் போனாள். கண்ணாடியை மாட்டினாள். கேள்வியை நிதானமாக, எழுத்துக் கூட்டுவது போல, விரல் வைத்துப் படித்தாள். பிறகு அதே விரலால் அழுத்தினாள்.

வட்டம் சுற்றியது. முப்பத்தைந்தில் நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. நூறு வரை வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

நவம்பர் 15

புது சிஸ்டம் அரண்மனை போல் மின்னுகிறது. ஆவுடை போனில் சொல்லச் சொல்ல நானே புரோகிராமை ஏற்றினேன். அதனுள் ஒரு பெண் குரல் தயாராக இருக்கிறது. எழுதியதைப் படிக்கும். உலகம்மாள் தட்டினாள்.

“வணக்கம். நீங்கள் கூறுகெட்ட மனிதர். போய்க் குளியுங்கள்.”

விமான நிலைய அறிவிப்பில் என்னை அவமானப்படுத்துவது போலிருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்படி மரியாதையாக இதுவரை யாரும் என்னைத் திட்டியதில்லை என்றேன். அவளுக்குத் தோள் குலுங்கவில்லை. அந்தக் குரலை நிறுத்திவிட்டு, ஸ்பூனையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டாள்.

நவம்பர் 18

“நான் பேசித்தாரேன் அத்தை,” என்றாள் ஆவுடை வீடியோவில். “எம் பேச்சு உங்க பேச்சு மாதிரியே இருக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்கள்ல.”

உலகம்மாள் தலையசைத்தாள், வேண்டாம் என்று. சிலேட்டில் எழுதிக் கேமரா முன் காட்டினாள். பிறகு என் பக்கம் திருப்பினாள்.

‘அவுக பேசட்டும். நான் எப்படித் திட்டுவேன்னு அவுகளுக்குத்தான் தெரியும்.’

நவம்பர் 22, சனி

அடுக்களை. ஃபேனை நிறுத்தியாயிற்று. நான் மைக் முன்னால், மகத்தான ஒலிப்பதிவுக் கலைஞனைப் போல. உலகம்மாள் எதிரே முக்காலியில், இயக்குநர்.

முதலில் பெண் குரலில் கீச்சென்று பேசிப் பார்த்தேன். கரித்துணி என் முகத்தில் வந்து விழுந்தது. சொந்தக் குரலிலேயே பேச வேண்டும் என்று உத்தரவு. சரி. ‘தண்ணி மோட்டார நிறுத்துங்க.’ தலையாட்டினாள், பரவாயில்லை. ‘பேரம் பேச வெக்காத, சொன்ன வெலைக்குக் குடு.’ பரவாயில்லை. ‘மாடு, மாடு, வெரட்டுங்க.’ கொஞ்சம் சத்தமாக என்று கையைத் தூக்கினாள்.

பிறகு ‘வெக்கமா இல்ல ஒங்களுக்கு.’

இது எனக்கே எனக்கான வாக்கியம். சம்பளத்தைச் சீட்டுக்கட்டில் விட்ட அன்றும், பேருக்கு வாங்கிய புடவை பிரித்ததுமே கிழிந்திருந்த அன்றும், ஒன்றுமே செய்யாத அன்றும் கேட்டது. பேசினேன். இல்லை என்று தலையசைத்தாள். வேறு மாதிரிப் பேசினேன். இல்லை. முழங்காலில் தட்டித் தாளம் போட்டுக் காட்டினாள், எங்கே ஏற வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்று. நான் ஏற்றினேன், இழுத்தேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள், இல்லை என்றாள்.

‘வெக்கமா’வில் இழுப்பாளா, ‘இல்ல’வில் இழுப்பாளா? கடைசியில் ஒரு சிரிப்பு வருமே, அது கடைசிச் சொல்லுக்கு முன்னாலா, பின்னாலா? கல்யாணமான மறுநாளிலிருந்து கேட்ட வாக்கியம். ஊரில் எந்தக் கண்டக்டர் எந்த ஸ்டாப்பை எப்படிக் கூவுவான் என்று இன்றும் என்னால் பேசிக் காட்ட முடியும்.

இது வரவில்லை.

அவள் வாயைத் திறந்து சொல்லிக் காட்டினாள். உதடு அசைந்தது. நான் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு எழுந்து, ‘இருக்கட்டும்’ என்று கையால் காட்டி, கடைசியாகப் பேசியதையே வைத்துக்கொண்டாள்.

நவம்பர் 23, ஞாயிறு

மத்தியானம் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஊழல், மழை, தங்கம். உள்ளே யாரோ பேசும் சத்தம்.

“ஏங்க, சோறு எடுத்து வெச்சாச்சு. வாங்க.”

ஒரு ஆம்பளைக் குரல். நான் எப்போதும் எதையாவது உளறிக்கொண்டே இருப்பவன். என் சத்தம் என் காதில் விழுந்தால் நான் திரும்புவதில்லை. பக்கத்தைப் புரட்டினேன். மறுபடியும் அதே குரல், அதே வாக்கியம். ராசிபலனையும் படித்து முடித்தேன்.

உள்ளே போனபோது இரண்டு தட்டிலும் சோறு ஆறிப்போயிருந்தது. குழம்பின் மேல் ஆடை படிந்திருந்தது. உலகம்மாள் லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல் இன்னும் கட்டத்தின் மேல் இருந்தது.

“கூப்பிட்டியா?” என்றேன்.

அவள் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.